பாட்டு நின்ற சாயங்காலம்

கோர்ட் டவாலி வெளியே வந்து தொண்டையைச் செருமினார். பெனிட்டாவுக்கு அந்தச் செருமலே போதும், தன் முறை இன்னும் வரவில்லை என்று தெரிந்துவிடும். காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாளே, சில்லறை வழக்குக்குச் செருமுவார், பெரிய வழக்குக்குச் செருமாமல் நேரே அடிவயிற்றிலிருந்து எடுப்பார். "சொள்ளமுத்து, சொள்ளமுத்து, சொள்ளமுத்தூ." மூன்று தடவை, மூன்றாவதுக்கு மட்டும் ஓர் இழுப்பு. வேப்பமரத்தடியிலிருந்து ஒருவன் மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டே ஓடினான். ஜில்லா கோர்ட்டின் இந்த வராந்தாவை அப்படியே அள்ளிக்கொண்டு போய்ச் சென்னையில் ஒரு கலைக்கூடத்தின் வெள்ளை அறைக்குள் கொட்டினால் பார்க்க வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அரைநாள் நிற்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது: டைப்ரைட்டர்காரர் வரி முடிவில் தட்டும் மணி, முத்திரை குத்தும் தொப்புத் தொப்பு, கோர்ட் ஹாலுக்குள் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்று இடிக்கும் மின்விசிறி, கைவிலங்கை மாட்டும்போதும் கழற்றும்போதும் வெவ்வேறாக வரும் கிளிக். ஆனால் இன்றைக்கு அவள் அள்ள வரவில்லை, கொடுக்க வந்திருக்கிறாள். மடியிலிருந்த பையில் ஒலிப்பதிவுக் கருவியும் சின்ன ஸ்பீக்கரும் ஓர் ஒலிமானியும் இருந்தன. இடது பக்கத்தில் பேச்சித்தாய், முழங்காலுக்கு நடுவில் எவர்சில்வர் தூக்குவாளியை இடுக்கிக்கொண்டு. பேச்சித்தாய் எப்போதும் இடது பக்கம்தான் இருக்க வேண்டும், அதற்காகவே பெனிட்டா பெஞ்சின் இந்த முனையைப் பிடித்திருந்தாள். அதனால் கோர்ட்டின் வாசல் வலது பக்கம் போய்விட்டது. போனால் போகட்டும், எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்குமா என்ன.

என்ன வேலை பார்க்கிறாய் என்று உள்ளே முதல் கேள்வி வரும். பேச்சித்தாயின் வக்கீல் உதுமான் சொல்லிவைத்திருந்தார், "சுருக்கமா சொல்லுங்க மேடம், கலைன்னு ஆரம்பிச்சீங்கன்னா எதிர்த்தரப்புக்காரர் உங்களைப் பாடச் சொல்லுவார்." உதுமான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், போலீஸ் காவலில் செத்தவர்களின் வழக்குகளுக்காகவே கறுப்புக் கோட்டு வெளுத்துப்போன மனிதர். நாகர்கோவிலில் அம்மாவுக்கு இதே கேள்விதான் எந்நேரமும் தலைவலி. சபையில் ஆராதனை முடிந்ததும் பெண்கள் சுற்றி நின்றுகொண்டு மக என்ன செய்யுதா, மக என்ன செய்யுதா என்று துளைக்க, அம்மா ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் ஆடியோ சர்வீஸ் என்று சொல்லிவைத்துவிட்டாள். அடுத்த வாரமே ஒரு சித்தப்பா கூப்பிட்டு, கல்யாணத்துக்கு ரெண்டு பாக்ஸும் ஒரு மைக்கும் வேண்டும், சொந்தக்காரப் பிள்ளை, பார்த்துப் போடு என்றார். பெனிட்டா கோபித்துக்கொள்ளவில்லை, போய்க் கட்டிக்கொடுத்தாள், அந்தக் கல்யாணத்தில் ஸ்பீக்கர் ஒரு தடவைகூடக் கூவவில்லை என்பதில் அவளுக்கு இன்றைக்கும் பெருமை. அவள் வேலை என்னவென்றால், ஒரு சுவர் எவ்வளவு கேட்கவிடும் என்று சொல்வது. கதவுக்கு உள்ளே நடந்ததைக் கதவுக்கு வெளியே நின்றவர்கள் கேட்டார்களா, கேட்டிருக்க முடியுமா, எவ்வளவு கேட்டது. கண்ணால் கண்ட சாட்சிக்கு நாற்காலி போடுகிறார்கள், காதால் கேட்ட சாட்சியை வராந்தாவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கண்ணைக் கட்டிக் கூட்டிப் போனவனுக்குக் காதைத் தவிர வேறென்ன இருக்கிறது? இதைத்தான் அவள் அறை அறையாகக் கட்டி, வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் ஆட்களை இருட்டில் உட்காரவைத்துக் கேட்கச் செய்தாள். கைதட்டினார்கள், விருது கொடுத்தார்கள், பழச்சாறு கொடுத்தார்கள். ஆனால் ஒரு நீதிபதி கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்பார். நன்றாகக் கேட்பார். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை, தன் வேலை அவளுக்குத் தெரியும்.

சந்தேகம் வேறோர் இடத்தில் இருந்தது. அதன் பக்கம் போகாமல் அவள் வழக்கை மறுபடி மனதுக்குள் ஓட்டிப்பார்த்தாள். இசக்கிராஜ், பேச்சித்தாயின் தம்பி, வாழைத்தார் ஏற்றும் வண்டியின் டிரைவர். காணாமல் போன ஏதோ ஒரு மோட்டாருக்காக விசாரிக்க வேண்டும் என்று வேம்படிக்குளம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். சாயங்காலம் அக்காள் பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறிச் சோறு கொண்டுபோனாள். முன்வாசலில் விடவில்லை. அவள் திரும்பிப் போகிற ஆளா, ஸ்டேஷனைச் சுற்றிக்கொண்டு பின்சுவர்ப் பக்கம் போய் நின்றாள். அங்கே நின்று கேட்டாள். அடியைக் கேட்டாள், எக்கா எக்கா என்ற கூப்பாட்டைக் கேட்டாள், பிறகு ஒன்றும் கேட்காததையும் கேட்டாள். ராத்திரி நெஞ்சுவலியில் இறந்துவிட்டான் என்று ஆள் விட்டார்கள். வழக்கு என்று வந்தபோது இன்ஸ்பெக்டர் தரப்பு ஒரே ஒரு வாதத்தைத்தான் வைத்தது, அது கருங்கல் போல உட்கார்ந்துகொண்டது: அன்றைக்கு அம்மன் கோயில் கொடைத் திருவிழா, ஸ்டேஷனுக்கு எதிர்க் கம்பத்திலேயே ரேடியோ செட்டுக்காரன் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தான், சாயங்காலம் முழுக்கப் பாட்டு, பக்கத்தில் நிற்பவன் பேசினாலே காதில் விழாது, சுவருக்குப் பின்னால் நின்ற இந்த அம்மாவுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? துக்கத்தில் மனசு கேட்காததையெல்லாம் கேட்கும் என்று அவர்கள் வக்கீல் இரக்கப்படுகிற குரலிலேயே சொன்னார். அந்த இரக்கத்தைக் கேட்டபோது பெனிட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சித்தாய் முதல் நாளிலிருந்து ஒன்றையேதான் சொன்னாள், "பாட்டு ஓடலய்யா." ரேடியோ செட்டுக்காரன் ஓடியது என்றான். அடுத்த கொடைக்குக் குழாய் கட்ட அதே ஸ்டேஷனில்தான் அனுமதி வாங்க வேண்டும், அவன் வேறென்ன சொல்லுவான்.

பேச்சித்தாய் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்று பெனிட்டா வாசலில் நின்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள், "எக்கா." உள்ளே ஏதோ விழுந்த சத்தம். பேச்சித்தாய் கதவுக்கு வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அன்றிலிருந்து பெனிட்டா பெயரையும் சேர்த்து, பேச்சியக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், அந்த ஒற்றைச் சொல்லை அதற்கு உரியவனுக்கே விட்டுவிட்டாள். சாட்சிகளிடம் என்ன கேட்டது என்று அவள் கேட்பதில்லை. வார்த்தையில் கேட்டால் பதிலும் வார்த்தையாக வரும், டம்மென்று கேட்டது, படாரென்று கேட்டது, சினிமாவில் வருகிற மாதிரி. அதற்குப் பதிலாக வீட்டிலிருக்கும் சாமானை எடுத்து அந்தச் சத்தத்தைச் செய்துகாட்டச் சொல்லுவாள். பேச்சித்தாய் அடுக்களையையே கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். தேங்காயைத் தட்டிப் பார்த்தாள், இல்லை. ஈரச் சேலையைக் கல்லில் அடித்துப் பார்த்தாள், இது இல்லம்மா, இது லேசு. சுளகு, மரக்கால், அரிசி மூட்டை. கடைசியில் தம்பியின் தலையணையைக் கொண்டுவந்து போட்டு, விளக்குமாற்றுக் கட்டையைத் திருப்பிப் பிடித்துக் கை ஓங்கினாள். ஓங்கின கை ஓங்கினபடி நின்றது. பெனிட்டா கருவியை நிறுத்தவில்லை. வெளியே ஒரு கோழி கேறியது, யாரோ குழாயடியில் குடத்தை வைத்தார்கள், பேச்சித்தாயின் மூச்சு, அவ்வளவுதான். பிறகு கட்டையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "சாப்புட்டுட்டுப் போங்க" என்றாள். கோர்ட்டுக்குக் கொடுத்த பதிவுகளில் அது கிடையாது. அது பெனிட்டாவின் கணினியில் பெயரில்லாமல் கிடக்கிறது, எந்த வெள்ளை அறைக்கும் அது போகாது என்று அன்றே முடிவுசெய்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள்தான் ராசிபலன். வேண்டாம், அங்கே போக வேண்டாம் என்று பெனிட்டா பையின் வாரைச் சுருட்டினாள், நீட்டினாள், சுருட்டினாள், ஆனாலும் புத்தி அங்கேதான் போய் நின்றது, ஆணியில் மாட்டிய சேலை மாதிரி. பின்சுவருக்கு வெளியே தம்பியின் குரல் எவ்வளவு சன்னமாகக் கேட்டது என்று அளக்க வேண்டும். எக்கா என்று ஒரு நடிகனைக் கூப்பிடவைத்துப் பதிவுசெய்து கொண்டுபோயிருந்தாள், பேச்சித்தாய் கையெடுத்துக் கும்பிட்டு அது மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். அதனால் ஓர் ஆண் தினசரிக் காலண்டரில் ராசிபலன் படிக்கிற பதிவு. மேஷம் லாபம், ரிஷபம் அலைச்சல். ஸ்பீக்கர் பெனிட்டாவின் வலது கைப்பக்கம், குமிழ் பேச்சித்தாயின் கையில். அன்னிக்குத் தம்பி குரல் கேட்ட அளவுக்கு வரும்வரை குறைத்துக்கொண்டே வாங்க என்றாள். பேச்சித்தாய் குறைத்தாள். மிதுனம் நிம்மதி. இன்னும் குறைத்தாள். கடகம். பிறகு ஒன்றுமே இல்லை, பெனிட்டாவுக்கு ஒன்றுமே கேட்கவில்லை, அப்போதும் அந்த விரல்கள் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தன, பேச்சித்தாய் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், "இன்னும் கொஞ்சம்மா... இன்னும் கொஞ்சம்... ஆங், இந்த அளவுதான்." ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம், பெனிட்டா அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டாள். எதிர்த்தரப்பு வக்கீலின் இரக்கம் அவளுக்குள்ளேயும் எட்டிப்பார்த்தது. அப்புறம் ஒலிமானியைப் பார்த்தாள். முள் ஆடிக்கொண்டிருந்தது. குரல் இருந்தது. பேச்சித்தாய்க்குக் கேட்டது, இவளுக்குக் கேட்கவில்லை. தலையைத் திருப்பி இடது காதைக் கொடுத்தாள், கன்னி, துலாம், அந்த ஆள் பாட்டுக்கு நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் ஒரு படம் போட்டுக் காட்டினார். வலது காதில் நரம்பு தளர்ந்துவிட்டது, திரும்பி வராது, இடது காது தங்கம், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் ஹெட்போனுக்குள்ளேயே வாழ்ந்ததற்கு வாடகை. அன்றிலிருந்துதான் அந்த ரீங்காரமும் தெரிய ஆரம்பித்தது, விசில் வருவதற்கு முன்னால் குக்கர் சீறுமே, அப்படி, விசில் மட்டும் வருவதே இல்லை. அவள் பயந்தாள். இரண்டு நாள் வீட்டில் கிடந்து அழுதாள். அப்புறம் எழுந்து, எல்லாக் கணக்குகளையும் ஒலிமானியை வைத்து மறுபடி முதலிலிருந்து செய்தாள், சென்னையில் நண்பன் ஒருவனிடம் கொடுத்து அவனையும் தனியாகச் செய்யச் சொன்னாள், ஒரு எண்ணும் மாறவில்லை. ஆகவே வேலையில் குறையில்லை. அறிக்கையில் அவள் காதை நம்பி எழுதிய வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. இது அவளுக்குத் தெரியும், நெஞ்சில் கை வைத்துச் சொல்லுவாள். ஆனால் காது கேட்காத ஒலி நிபுணர் என்ற நாலு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கெட்டிக்கார வக்கீல் ஒரு வழக்கையே ஊத்தி மூடிவிட முடியும், அதுவும் தெரியும். உதுமானிடம் சொல்லவில்லை. பேச்சித்தாயிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளைத் தேடுவார்கள், வேறு ஆள் கிடையாது, வாய்தா தள்ளிப்போகும், ஏற்கனவே எத்தனை வாய்தா. காலையில் டீக்கடையில் உதுமான் டம்ளரை ஆற்றிக்கொண்டே, "இத்தனை வருஷமா செவிடன் காதுல ஊதுன சங்கு மேடம், இன்னைக்காவது கேக்குதான்னு பாப்போம்" என்றார். அவருக்கு என்ன தெரியும் பாவம், வாயில் வந்த பழமொழி. பெனிட்டாவுக்கு டீ புரையேறிவிட்டது.

வராந்தாவின் அந்தக் கோடியில் சொடக்கு முறியும் சத்தம். பார்க்காமலே தெரிந்தது. முன்னாள் இன்ஸ்பெக்டர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் பளிச்சென்று திருநீறு, தன் வக்கீலிடம் சிரித்துப் பேசியபடியே ஒவ்வொரு விரலாக முறித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் தொடங்குவார், சுண்டுவிரலில் முடிப்பார், பிறகு அடுத்த கை. ஒவ்வொரு சொடக்குக்கும் பேச்சித்தாயின் தூக்குவாளி லேசாக ஆடியது, கைப்பிடி விளிம்பில் மோதி ஒரு சின்ன கிண். அவர் அதைத் தெரிந்து செய்கிறாரா, பழக்கமா? பழக்கமாகத்தான் இருக்கும், அதுதான் பயமாக இருந்தது. இடது காதைப் பற்றிய பயம்கூட அப்போது வந்தது. இதுவும் போய்விட்டால்? ஒரு நாள் விடியும்போது இந்தப் பக்கமும் வெறும் சீறலாக ஆகிவிட்டால், அம்மாவின் குரலை எதில் வைத்துக் கேட்பது? நல்லவேளை, அம்மா என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. இந்த வழக்கையே புரட்டிப்போட்டது அம்மாதானே. கோர்ட்டில் அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் ஜாக்கெட் தைக்கிற பெண், அந்தச் சாயங்காலம், இசக்கிராஜ் உள்ளே இருந்த அதே நேரத்தில், வாடிக்கைக்காரி ஒருத்திக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தாள், அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிடுக்கா, கழுத்து எப்படி வேணும் என்று. வாடிக்கைக்காரி எதையும் அழிக்காத ஜென்மம், வாழ்க. பெனிட்டா அந்தச் செய்தியின் அடியில் கிடந்த ஓசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தையல் மிஷின் நின்று ஓடுவது, ஒரு பஸ், தூரத்தில் சங்கு, கூடவே ஏதோ வெண்கலத் தட்டல். பாட்டு இல்லை. பாட்டு இல்லாததை எப்படி நிரூபிப்பது? இரண்டு பாட்டுக்கு நடுவில் விட்ட இடைவெளி என்று சொல்லிவிடுவார்களே. அதைவிடக் கொடுமை, சங்குக்கு அவள் கோயில் சங்கு என்று பெயரெழுதிவைத்தாள், கொடை நடக்கிற ஊரில் சங்கு கேட்டால் வேறென்ன, பெந்தெகொஸ்தே வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு எல்லாச் சங்கும் ஒரே சங்குதான். அந்தப் பெயரோடு அது இன்ஸ்பெக்டருக்குத்தான் உதவியாக நின்றது, கொடை ஜோராக நடந்துகொண்டிருந்தது என்று. ஒரு நாள் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள், தெருவில் எந்த வீட்டு எழவுக்கும் போய் நிற்கிறவள். ஸ்பீக்கரை நிறுத்தாமலே போனை எடுத்தாள். அம்மா எடுத்த எடுப்பில், "ஏ மக்களே, எங்க நிக்க? யாரு வீட்டுல எழவு?" என்றாள். "எழவா? இங்க ஒண்ணும் இல்லியே." "பின்ன எதுக்குட்டி சங்கு ஊதுகாவ? சேகண்டியும் சேந்துல்லா கேக்கு. கோயில்ல ஊதுனா மணி கேக்கும், மேளம் கேக்கும். இது எழவுச் சங்குல்லா, எங்கிட்டயே மறைக்கியா?" பெனிட்டா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

மறுநாளே உதுமானும் அவளும் வேம்படிக்குளம் போனார்கள். கேட்ட மாத்திரத்தில் கோயில் இருக்கிற தேர்த்தெருவே சொல்லிற்று, அன்றைக்குச் சாயங்காலம் வெற்றிலைக்கடைப் பெரியவர் இறந்துபோனார், மகன்கள் பம்பாயிலிருந்து வர வேண்டியிருந்ததால் மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள். தேர்த்தெருவில் ஒரு பிணம் கிடக்கும்போது அம்மனுக்கு நடை திறக்கமாட்டார்கள், மேளம் கிடையாது, ரேடியோ செட் மூச்சு விடாது. இதில் ஏழை பணக்காரன் வித்தியாசமெல்லாம் கிடையாது, எடுத்து, தெருவைக் கழுவிவிட்ட பிறகுதான் முதல் பாட்டு. எல்லாருக்கும் தெரியும், யாரும் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. வேறு ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டருக்குத்தான் தெரியாது. கொடைக்குக் குழாய் கட்ட இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம்வரை என்று அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான், அந்த நேரத்தை அப்படியே எடுத்துத் தன் வாக்குமூலத்தில் பாட்டாக ஓடவிட்டுவிட்டார். ஸ்டேஷனுக்குள்தானே இருந்தார், பாட்டு நின்றது அவர் காதுக்குத் தெரியாமலா போயிற்று என்று உதுமான் வழியெல்லாம் ஆச்சரியப்பட்டுக்கொண்டு வந்தார். பெனிட்டாவுக்கு ஆச்சரியம் இல்லை. அந்த நேரத்தில் அவர் காது நிறைய வேறு சத்தம் இருந்தது. அடிக்கிறவனுக்கு வெளியே ஊர் அமைதியாகிவிட்டது எப்படித் தெரியும்? ஒன்றுக்கு மட்டும் அவள் ஆசைப்பட்டுத் தோற்றாள். அந்தச் செய்தியின் அடியில், சங்குக்கும் கீழே, இசக்கிராஜின் குரல் இருக்கிறதா என்று வாரக்கணக்காகத் தோண்டினாள். இல்லை. தையல்கடை முன்பக்கம், லாக்கப் பின்பக்கம். இருக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் யாரும் மறுக்க முடியாது, ஆனால் அவள் எழுதவில்லை. இல்லாததை இல்லை என்று எழுதினாள். அதனால்தான் இருப்பதை இருக்கிறது என்று சொல்லும்போது அவள் குரல் நடுங்காது.

அந்தச் சங்கை ஒரு நாள் பேச்சித்தாய்க்குப் போட்டுக் காட்டினாள். நல்ல செய்தி என்றுதான் கொண்டுபோனாள். சங்கு ஊதியதும் பேச்சித்தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். அப்புறம்தான் சொன்னாள், "எம்மா, இது நெசமாவே ஊதுனதா? அன்னிக்கு அந்தச் செவத்துகிட்ட நிக்கயில எனக்கு இது கேட்டுச்சு. எந்தம்பி உள்ள உசுரோட எக்கா எக்காங்கான், எங்காதுல எழவுச் சங்கு கேக்கு. என்ன பாவி மனசு இதுன்னு எங்கன்னத்துல நானே அடிச்சிக்கிட்டேன். யார்ட்டயும் சொல்லல. சொன்னா பைத்தாரின்னுவாவ, எல்லாத்தயும் சேத்துப் பொய்யின்னுவாவ." இத்தனை வருஷமாக அதை அடிவயிற்றில் வைத்துக்கொண்டே போலீஸுக்கும் வக்கீலுக்கும் பதில் சொல்லியிருக்கிறாள், தான்தான் சங்கை நினைத்துத் தம்பியைச் சாகடித்துவிட்டோமோ என்ற எண்ணத்தோடு. பெனிட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சொல்ல அன்றைக்கு அவளிடம் ஒரு விஷயம் இருந்தது, எனக்கும் ஒன்று இருக்கிறது பேச்சியக்கா என்று வாய்வரை வந்தது, வந்தது திரும்பிப் போய்விட்டது. இங்கே வராந்தாவில் இடது பக்கத்தில் நாலைந்து வக்கீல்கள் நின்று எந்த ஓட்டல் பரோட்டா நன்றாயிருக்கும் என்று உரக்க வழக்காடிக்கொண்டிருந்தார்கள், டைப்ரைட்டர் மணி அடித்தது, முட்டையா சால்னாவா, அது ஏன் திரும்பிப் போனது, பயமா, கௌரவமா, இல்லை, நான் வீணாய்ப்போனவள் என்று இந்தப் பெண் நினைத்துவிடக் கூடாதே என்கிற ஆசையா, ஆசைதான், அசிங்கமான ஆசை, விலாவில் யாரோ இடித்தார்கள்.

பேச்சித்தாய்தான். "எம்மா, உங்களத்தான். ரெண்டு வாட்டி கூப்புட்டாச்சு." பெனிட்டா வலது பக்கம் திரும்பினாள். டவாலி வாசலில் நின்று நேரே அவளைப் பார்த்தபடி மூன்றாவதற்கு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். செருமாமல், அடிவயிற்றிலிருந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டிருக்கிறார், இவளுக்குக் கேட்கவில்லை. அந்தக் கோடியில் சொடக்கு நின்றிருந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய வக்கீலும். "பெனிட்டா ஜெபராஜ்" என்ற மூன்றாவது கூப்பாடு வந்தபோது அவள் எழுந்து நின்று கையை உயர்த்தினாள், ஆச்சரியம் என்னவென்றால், பயப்பட வேண்டிய அந்த நேரத்தில் பயம் அற்றுப்போயிருந்தது. இத்தனை நாள் சுற்றிச் சுற்றி வந்தது இவ்வளவுதானா? "பேச்சியக்கா, எனக்கு வலது காது கேக்காது" என்றாள். "தெரியும்லா" என்றாள் பேச்சித்தாய். "ராசிபலன் அன்னிக்கே தெரியும். நான் கொறைக்கக் கொறைக்க எம்மூஞ்சியப் பாத்தியளே, அது கேக்குதவுக மூஞ்சி இல்ல." "அப்ப ஏன் சொல்லல?" "நீங்க சொல்லுவியன்னு இருந்தேன். நானும் சங்கச் சொல்லாமத்தான வச்சிருந்தேன்." "ஒரு நிமிஷம் உங்களச் சந்தேகப்பட்டேங்க்கா." பேச்சித்தாய் அவள் தோளிலிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். "போட்டும். போயி உள்ளதச் சொல்லிட்டு வாங்க. புளிச்சோறும் தொவையலும் வச்சிருக்கேன், பசியோட நிக்காதிய." பேச்சித்தாயின் குறுக்கு விசாரணை பாக்கி இருந்ததால் அவளை உள்ளே விடமாட்டார்கள். அவள் எழுந்து பின்பக்க வராந்தாவுக்குப் போனாள், அங்கேதான் நிழல்.

சத்தியப் பிரமாணம் முடிந்ததும் நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், நடுவயதுப் பெண், களைத்த கண். அரசு வக்கீல் முதல் கேள்விக்கு வாயெடுக்கும் முன்பே பெனிட்டா பேசினாள். "அம்மா, ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். எனக்கு வலது காது கேக்காது. டாக்டர் சான்று குடுக்கறேன். அதனால இந்த அறிக்கையில எதையும் என் காதை வச்சு எழுதல, எல்லாம் கருவியை வச்சு அளந்தது, இன்னொருத்தர் தனியா சரிபார்த்தது." எதிர்த்தரப்பு வக்கீல் பாதி எழுந்தார், சிரிப்பு முகத்திலேயே இருந்தது. முன்வரிசையில் உதுமான் கண்ணை மூடிக்கொண்டார். "உங்க முறை வரும், உக்காருங்க" என்றார் நீதிபதி அவரிடம், பிறகு இவளிடம், "மேல சொல்லுங்க." "ஒரு பதிவு போடணும். அதுக்கு இந்த ஃபேனை நிறுத்தணும், கதவையெல்லாம் சாத்தணும்." ஊழியர் நீதிபதியைப் பார்த்தார், நீதிபதி தலையசைத்தார். கதவுகள் சாத்தப்பட்டன. மின்விசிறி டக், டக், ட...க் என்று இறங்கி நின்றது. மேஜையிலிருந்த வழக்குக் கட்டுகள் படபடப்பதை நிறுத்தின. யாரோ ஒருவர் இருமி முடித்தார். இன்ஸ்பெக்டர் கைகளைக் கட்டிக்கொண்டார். அந்த அறை கட்டப்பட்ட நாளிலிருந்து அப்படி ஒரு அமைதியைக் கேட்டிருக்காது. பெனிட்டா ஸ்பீக்கரின் பொத்தானில் விரலை வைத்தாள், இன்னும் அழுத்தவில்லை. அப்போது பின்பக்கத்திலிருந்து, அந்தப் பழைய காலத்துக் கனத்த சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எவர்சில்வர் மூடியை விரல்நகத்தால் நெம்புகிற சத்தம் வந்தது. இறுக்கமான மூடி. ஒரு தடவை வழுக்கியது. மறுபடி நெம்பினாள். டப்பென்று திறந்தது. அறையிலிருந்த அத்தனை தலைகளும் சுவர்ப் பக்கம் திரும்பின. இன்ஸ்பெக்டர் மட்டும் திரும்பவில்லை.

"என்ன சத்தம் அது?" என்றார் நீதிபதி.

பெனிட்டா இடது காதைச் சுவருக்குக் கொடுத்தபடியே சொன்னாள், "பேச்சித்தாய், அம்மா. சோறு கொண்டு வந்திருக்காங்க."